சீருடை அணிந்த ஆட்டக்காரர்

சோவியத் பொருளாதாரத்தைக் கல்லூரியில் கற்பித்த ஆண்டுகளில், திட்டக்குழுவின் உற்பத்திக் கணக்குகளைவிட ஓர் ஐஸ் ஹாக்கி வீரரின் வாழ்க்கை அதனைத் தெளிவாக விளக்கும் என்று நான் எண்ணியதுண்டு. அவர் வலேரி கர்லாமொவ். 1948 ஜனவரி 14 அன்று மாஸ்கோவில் பிறந்தார். தந்தை ஆலைத் தொழிலாளி. தாய் பாஸ்க் இனத்தவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது சோவியத் நாட்டுக்கு அனுப்பப்பட்ட அகதிக் குழந்தைகளுள் ஒருவர்.

சிறுவயதில் வந்த காய்ச்சல் இதயத்தைப் பாதித்ததால், மருத்துவர்கள் விளையாட்டையே தடைசெய்தனர். தந்தை அதனை ஏற்கவில்லை. 1962-இல், தாய்க்குத் தெரியாமல், இராணுவக் கழகமான சிஎஸ்கேஏ-வின் பயிற்சிக்கு மகனை அழைத்துச் சென்றார். பயிற்சியாளர் அனதோலி தாரசொவுக்கு இந்தக் குள்ளமான இளைஞர்மீது முதலில் நம்பிக்கை பிறக்கவில்லை. யூரல் பகுதியின் செபார்குல் நகர அணிக்கு அனுப்பிவைத்தார். அங்கே கோல்களைக் குவித்துத் திரும்பியவர், மிகைலொவ், பெத்ரொவ் ஆகியோருடன் சேர்ந்து அமைத்த முன்கள வரிசை உலகப் புகழ் பெற்றது. எட்டு உலகக் கோப்பைகள், இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள் என்று பட்டியல் நீளும்.

இவர்கள் ஏட்டளவில் அமெச்சூர்கள். கர்லாமொவ் ஊதியம் பெறும் இராணுவ அதிகாரி. ஆடுவதே அவர் பணி. கட்டாய இராணுவ சேவைச் சட்டம் இருந்தமையால், வேறு கழகங்களின் திறமைசாலிகளையும் சிஎஸ்கேஏ தன்பக்கம் இழுத்துக்கொண்டது. வாங்குபவர் ஒருவரே இருக்கும் சந்தை என்று நாங்கள் வகுப்பில் சொல்வதற்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1972 செப்டம்பர் 2 அன்று மான்ட்ரியலில், கனடாவின் தொழில்முறை வீரர்களை சோவியத் அணி 7-3 என வென்றது. கர்லாமொவ் இரண்டு கோல்கள் அடித்தார். மாஸ்கோவில் நடந்த ஆறாம் ஆட்டத்தில் பாபி கிளார்க் தம் மட்டையால் அவருடைய கணுக்காலில் ஓங்கி அடித்தார். ஏழாம் ஆட்டத்தில் கர்லாமொவ் இல்லை. எட்டாவதில் வலியோடு ஆடினார். தொடர் கனடாவுக்குப் போயிற்று. அந்த ஓர் அடியே தொடரின் போக்கை மாற்றியது என்பது என் கருத்து. கனடியர்களில் சிலரும் பின்னாளில் அதற்காக வெட்கப்பட்டனர்.

1976 ஜனவரியில் பிலடெல்பியாவில் முரட்டு ஆட்டத்தில் அவர் கீழே வீழ்த்தப்பட்டபோது, சிஎஸ்கேஏ அணி களத்தைவிட்டே வெளியேறியது. பயணத்துக்குரிய தொகை கிடைக்காது என்று தெரிவிக்கப்பட்டதும் திரும்பி வந்தது. சோசலிச அணியை முதலாளித்துவ மண்ணில் பணம் களத்துக்கு அழைத்துவந்த காட்சி அது! அத்தொகையில் வீரர்களுக்கு எவ்வளவு சேர்ந்திருக்கும் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

அதே ஆண்டு கார் விபத்தில் கால் எலும்புகள் முறிந்தன. சில மாதங்களில் மீண்டும் களமிறங்கினார். ஆனால் பழைய வேகம் முழுதாகத் திரும்பவில்லை. 1981 ஆகஸ்டில் கனடா கோப்பைக்கான அணியிலிருந்து பயிற்சியாளர் விக்தர் திகோனொவ் அவரை நீக்கினார். வேறு நாட்டில் ஆடச்செல்லும் உரிமை அவருக்கு இல்லை. 33 வயதில், ஒரே வாங்குநர் வேண்டாம் என்றால் போக வேறிடம் இல்லை.

ஆகஸ்ட் 27 காலை, லெனின்கிராத் நெடுஞ்சாலையின் ஈரத்தில் மனைவி ஓட்டிவந்த கார் லாரிமீது மோதியது. கர்லாமொவ், மனைவி, உறவினர் ஒருவர் என மூவரும் இறந்தனர். இரு சிறு குழந்தைகள் பெற்றோரை இழந்தனர். அணித் தோழர்கள் அப்போது கனடாவில் இருந்தனர். இறுதிச் சடங்குக்கு அவர்களால் வர இயலவில்லை. செப்டம்பர் 13 அன்று, இறுதிப் போட்டியில் கனடாவை 8-1 என வீழ்த்தி அவர்கள் கோப்பையை வென்றனர்.