தில்லையாடி தந்த தியாகச் சுடர்

சிங்கவரம் குன்றின்மேல் நின்று நோக்கினால் செஞ்சிக் கோட்டை கம்பீரமாகக் காட்சி தருகிறது. ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியைப் போரும் பஞ்சமும் மாறி மாறி வாட்டியபோது, பசியால் தவித்த நம் மக்களை டச்சு வணிகர்கள் விலைக்கு வாங்கிச் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேற்றினர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்க 1833-இல் சட்டம் வந்தது. ஆயினும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! ஒப்பந்தக் கூலி என்னும் புதுப் பெயரில் பழைய விலங்கே பூட்டப்பட்டது. 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவுக்கு நம்மவர்களை ஏற்றிச் சென்றது. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே சுதந்திரமாக வாழ விரும்பியவர்கள் ஆண்டுக்கு 3 பவுன், அதாவது 60 ஷில்லிங், வரி கட்ட வேண்டும் என்று பின்னர் விதிக்கப்பட்டது. மாதம் 14 ஷில்லிங்கைக் கூடத் தாண்டாத வருவாயில் எப்படிக் கட்டுவார்கள்? 13 வயது நிரம்பிய சிறுமியும் இவ்வரிக்குத் தப்பவில்லை.

அந்நாட்டின் ஜோகன்னஸ்பர்க் நகரில், 1898 பிப்ரவரி 22-ஆம் நாள் பிறந்தவர் வள்ளியம்மை. தந்தை முனுசாமி முதலியார், தாய் மங்களம். குடும்பத்தின் சொந்த ஊர் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி.

1913 மார்ச்சில், கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்று அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம் தாய் சட்டப்படி மனைவியே அல்லள் என்றால் எந்த மகள் பொறுப்பாள்? இறைவனின் சாயலாக மனிதர் அனைவரும் படைக்கப்பட்டனர் எனக் கற்கும் நாம், நம் மறையின் பெயரைக் கொண்டே பிறரது மானம் பறிக்கப்பட்டதை எண்ணி வருந்தவேண்டும்.

காந்தியடிகள் தொடங்கிய அறப்போரில் வள்ளியம்மையும் தம் தாயுடன் சேர்ந்தார். தடையை மீறி எல்லை தாண்டிய பெண்கள், தொழிலாளரைச் சந்தித்து வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு திரட்டினர். மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. சிறையில் கொடுங்காய்ச்சல் கண்டது. முன்னதாகவே விடுவிப்பதாக அதிகாரிகள் கூறியும் அவர் ஏற்கவில்லை. வெளிவந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று காந்தியடிகள் வினவியபோது, இன்னொரு முறை செல்லவும், அதனால் உயிரே போயினும் ஏற்கவும் சித்தமாக இருப்பதாகக் கூறினார். 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயது நிறைந்த அதே நாளில், அவர் கண் மூடினார்.

அவ்வாண்டிலேயே 3 பவுன் வரி நீங்கியது. இந்தியர் திருமணங்களும் சட்டத்தின் ஏற்பைப் பெற்றன. 1915-இல் காந்தியடிகள் தில்லையாடிக்கு வந்து அம்மண்ணை வணங்கினார். 2008-இல் இந்திய அரசு வள்ளியம்மைக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

அன்புத் தோழியரே! வள்ளியம்மை ஒப்பந்தக் கூலியாகச் சென்றவர் அல்லர். பிறர் தோளில் கிடந்த நுகத்தைத் தம் நுகமாகவே கருதினார். இன்றும் முன்பணக் கடனுக்காகச் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகும் குடும்பங்கள் உண்டு. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுத்தும் கொடுமை முற்றும் ஓயவில்லை. அவர்களைக் காணும்போது முகம் திருப்பாதிருப்போம். பதினாறு வயது அதற்குச் சிறிய வயதல்ல.