எழுபதில் எடுத்த வண்ணக்கட்டி

கண் மங்கிவிட்டது, கை தளர்ந்துவிட்டது, இனி நமக்கென்ன வேலை என்று திண்ணையில் ஒதுங்கிவிடும் முதியவர்களை நாம் ஊர்தோறும் காண்கிறோம். ஒதுங்கினார்கள் என்பதைவிட ஒதுக்கப்பட்டார்கள் என்பதே பொருந்தும். ஆலையிலும் அச்சுக்கூடத்திலும் நாற்பதாண்டு உழைத்துக் கண்ணைப் பறிகொடுத்தவனிடம், போய் வேறொரு தொழில் கற்றுக்கொள் என்று சொல்வார் உண்டா? சொன்னால்தான் அவன் கேட்பானா? சொல்வார் எவருமின்றித் தாமாகவே, எழுபது வயதுக்கு மேல் புதிய கருவியைக் கையிலெடுத்த ஒரு தச்சர் மகனைப் பற்றி இன்று எழுத விரும்புகிறோம். அவர் பிரெஞ்சு நாட்டு ஓவியர். பெயர் ழான் சிமியோன் ஷார்தேன்.

1699 நவம்பர் 2ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பில்லியர்ட்ஸ் ஆட்டத்திற்கான மேசைகளைச் செய்யும் தச்சர். அரண்மனைக்கே மேசை செய்து கொடுத்தவர்தாம். ஆனாலும் தச்சர் தச்சர்தானே! மகனுக்கு இலத்தீனப் படிப்புக் கிட்டவில்லை. அந்தக் குறை அவர் நெஞ்சில் கடைசிவரை இருந்தது. ஓவியர் ஒருவரிடம் தொழில் பழகினார். வேறொருவர் வரைந்த உருவப்படத்தில் துப்பாக்கி ஒன்றை மட்டும் தீட்டித் தரும் வேலை வந்தது. மாதிரியாக வைத்த துப்பாக்கியை உற்று உற்றுப் பார்த்து, ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே தங்குகிறது என்று கண்டு தீட்டியபோதுதான், பார்ப்பதே முதல் பாடம் என்று கற்றுக்கொண்டார் என்பர். அதன்பின், எதிரே பொருளில்லாமல் அவர் தூரிகையைத் தொட்டதில்லை.

அந்நாளில் பாரிஸ் அரச ஓவியக் கழகத்தில் ஓவியத்துக்குள்ளேயே மேல் கீழ் வகுத்து வைத்திருந்தார்கள். தேவர்களையும் மன்னர்களையும் போர்க்களங்களையும் தீட்டுவோர் உச்சியில். உருவப்படக்காரர் அடுத்த படியில். பழமும் பானையும் செத்த முயலும் வரைவோர் அடித்தளத்தில். கலையிலும் மேல் கீழா என்று வியக்க வேண்டாம். மேல் கீழ் வகுப்பவர்கள் எதை விட்டுவைத்தார்கள்? ஷார்தேன் 1728இல் அந்த அடித்தளத்து வாயில் வழியாகத்தான் உள்ளே நுழைந்தார். அடுக்களைச் சுவரில் வயிறு கிழித்துத் தொங்கவிட்ட திருக்கை மீன், அருகே முதுகைச் சிலிர்த்து நிற்கும் பூனை. இதுவே அவர் கொண்டுபோன படம். கழகத்தாரால் மறுக்க முடியவில்லை.

பிறகு மனிதர்களை வரைந்தார். எப்படிப்பட்ட மனிதர்களை? துணி வெளுக்கும் பெண், தண்ணீர் பிடிக்கும் பெண், சந்தையிலிருந்து ரொட்டி சுமந்து வந்து மூச்சுவாங்க நிற்கும் பணிப்பெண். 1738இல் தீட்டிய ஒரு படத்தில், கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைப் பிடித்தபடியே எதையோ எண்ணி ஒரு கணம் அயர்ந்திருக்கிறாள். அந்த அயர்வைப் பார்த்தவர், வேலை முடிந்து வீடு திரும்பும் தம் வீட்டுப் பெண்ணின் முகத்தை நினையாமலிரார். இப்படங்களை இளவரசர்கள் விலைக்கு வாங்கினர். பதினைந்தாம் லூயி மன்னருக்கே ஒன்று போயிற்று. செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படிகளோ குறைந்த விலைக்கு விற்று எளியோர் வீடுகளையும் எட்டின. முதல் மனைவி இளம் வயதிலேயே இறந்தார். ஓவியனாகத் தலையெடுத்த மகனையும் இத்தாலியில் இழந்தார். 1755 முதல் கழகத்தின் பொருளாளர். ஆண்காட்சியில் எந்தப் படத்தை எங்கே மாட்டுவது என்பதும் அவர் பொறுப்பு. லூவர் அரண்மனையில் குடியிருப்பும் கொடுத்தார்கள்.

1765இல், படங்களைக் கிழி கிழியென்று கிழித்து எழுதும் அறிஞர் திதரோவிடம் இவர் சொன்ன செய்தி ஒன்று உண்டு. அதைத் திதரோவே எழுதி வைத்திருக்கிறார். கடுமை வேண்டாம், கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள் என்பதே அதன் சாரம். ஏழெட்டு வயதில் கையில் சுண்ணக்கட்டியைத் திணிக்கிறார்கள். கண், மூக்கு, வாய், காது என்று தனித்தனியாக ஆண்டுக்கணக்கில் நகலெடுக்க வைக்கிறார்கள். பிறகு கை, பிறகு கால். முதுகு வளைந்து போகிறது. விளக்கடியில் இரவுகள் கழிகின்றன. இத்தனைக்கும் பிறகு இருபது வயதில் பலர் வழியின்றிப் படைவீரராகவும் நாடகக்காரராகவும் போய்விடுகிறார்கள். தேறாதவன் பட்ட பாட்டையும் தேறியவனே எடுத்துரைத்தான் என்பதற்காகவே நாம் இதை இங்கே குறிக்கிறோம்.

எண்ணெய் வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கும். ஐம்பதாண்டு அதோடு புழங்கியவரின் கண், அந்த நஞ்சாலேயே கெட்டது என்று பின்னாளில் ஆராய்ந்தோர் கருதுவர். தொழில் தந்த நோய்! தூரிகையை வைத்துவிட வேண்டியதாயிற்று. அப்போது எடுத்ததுதான் பாஸ்டல் என்னும் வண்ணக்கட்டி.

அது என்ன பொருள்? நிறப்பொடியை மைபோல் அரைத்து, வெண்சுண்ணம் சேர்த்து, பிசின் கரைத்த நீரைச் சிறிதே விட்டுப் பிசைந்து, விரலளவு உருட்டி உலர்த்துவது. பிசின் கூடினால் கட்டி இறுகிக் கீறும்; குறைந்தால் உதிரும். எண்ணெய் வேண்டாம், தூரிகை வேண்டாம், காயும்வரை காத்திருக்க வேண்டாம். நினைத்தபோது தொடங்கலாம், கண் வலித்தபோது நிறுத்தலாம். நோயாளிக்கு ஏற்ற கருவி என்று தோன்றும். ஆனால் அதன் கண்டிப்பு பழகியவர்க்கே தெரியும். எண்ணெய் வண்ணத்தைப் போலப் பலகையில் குழைத்து வேண்டிய நிறத்தை உண்டாக்க முடியாது. தாளின் மேலேயேதான் நிறத்தை நிறம் சந்திக்க வேண்டும். தாளின் சொரசொரப்பு ஓரளவு பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும். அது நிரம்பிவிட்டால் அடுத்த கோடு ஒட்டாது, எல்லாம் சேறாகும். விரலால் தேய்த்துத் தேய்த்து மழுப்பினால் நிறம் செத்துப்போகும். முடித்த படத்தைத் தட்டினாலும் பொடி கொட்டும். கண்ணாடியிட்டுக் காக்க வேண்டும்.

அக்கலையில் அன்று கொடிகட்டிப் பறந்தவர் லா தூர். 1760இல் ஷார்தேனையே எதிரே உட்கார வைத்துப் பாஸ்டலில் வரைந்தவர். அத்தகையோர் ஆண்ட துறையில், 1771ஆம் ஆண்டுக் காட்சிக்கு 71 வயது ஷார்தேன் தம் முதல் வண்ணக்கட்டிப் படங்களை அனுப்பினார். பார்த்தவர்கள் திகைத்தார்கள்.

மற்றவர்கள் கன்னத்தை வழவழப்பாகத் தேய்த்து மெருகேற்றினார்கள். இவர் தேய்க்கவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் கோடு. சிவப்புக்கு அருகே பச்சை, அதற்கருகே நீலம். கிட்ட நின்றால் கிறுக்கல். நாலடி தள்ளி நின்றால் குருதி ஓடும் தோல்! நெசவாளத் தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறு நிறமும் ஓட்டி, இரண்டிலும் இல்லாத மயில்கழுத்து நிறத்தைக் காட்டுகிறவர்கள் அல்லவா அவர்கள்! நுணுக்கமாகப் பார்க்கக் கண் ஒத்துழைக்காதபோது, துணிந்து இழுத்த கோடுகளாலேயே முகத்தைக் கட்டினார்.

யாருடைய முகத்தை? பெரும்பாலும் தம்முடையதை, கூலியின்றிச் சலிப்பின்றி உட்காரும் ஆள் அவர்தானே! அந்த 1771ஆம் ஆண்டுப் படத்தில் தலையில் துணிக்கட்டு, கழுத்தில் துண்டு, மூக்கில் வட்டக் கண்ணாடி. அதற்கு மேலாக நம்மைப் பார்க்கிறார். 1775ஆம் ஆண்டுப் படத்தில் கூசும் கண்ணுக்கு நெற்றியில் நிழல்தட்டியும் சேர்ந்துகொண்டது. நோயை மறைக்கவில்லை, அழகுபடுத்தவும் இல்லை. அதே ஆண்டு இரண்டாம் மனைவியின் முதிர்ந்த முகத்தையும் வரைந்தார். 1904இல் செசான் என்ற பேரோவியர், நிழல்தட்டியணிந்த அந்த முகத்தைப் பார்த்து வியந்து நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

ஆனால் மேலிடத்துக்கு இரக்கமில்லை. 1774இல் பொருளாளர் பதவியை விட்டார். நான்காண்டு கழித்து, நெடுநாள் உழைப்பைச் சுட்டி, வருவாயைச் சற்றே கூட்டித் தருமாறு அரசரின் கலை அதிகாரிக்கு எழுதினார். முடியாது என்று பதில் வந்தது. பானை வரைந்தவனுக்கு இதுவே அதிகம் என்று எண்ணினார்கள் போலும்.

1779ஆம் ஆண்டுக் காட்சியில் அவர் வைத்த வண்ணக்கட்டிப் படங்களில் ஒன்று, குற்றேவல் செய்யும் இளைஞன் ஒருவனின் முகம். மன்னரின் அத்தை விக்துவார் இளவரசிக்கு அது பிடித்துப்போய், விலை என்னவென்று கேட்டு ஆளனுப்பினார். கூடுதல் பணம் கேட்டுப் பெறாத கிழவர், விலையே வேண்டாமென்று படத்தைக் கொடுத்துவிட்டார். இளவரசி பொற்பேழை ஒன்றை அனுப்பிவைத்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், எண்பது வயதில், லூவர் குடியிருப்பிலேயே ஷார்தேன் காலமானார். இறுதி நாட்களில் வரைந்த இன்னொரு தன்னுருவப் படம் லூவரிலேயே இருக்கிறது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய நீலத்தாள் முன்னே நிற்கிறது. கண்ணாடியும் தலைக்கட்டுமாக அவர் பக்கத்தில் நிற்கிறார். கையில் சிவப்பு வண்ணக்கட்டி.