ஒளியை அளவுகோல் ஆக்கிய விஞ்ஞானி

துணியை அளக்க இரும்புக்கோல் போதும். தலைமயிரின் கனத்தில் நூறில் ஒரு பங்கை அளப்பது எப்படி? ஒளியால் அளக்கலாம் என்று காட்டியவர் ஆல்பர்ட் மைக்கேல்சன்.

அவர் 1852-ம் ஆண்டு பிரஷ்யாவில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. சிறு குழந்தையாக இருந்தபோதே பெற்றோருடன் அமெரிக்கா போய்விட்டார். தந்தை சுரங்க ஊர்களில் வியாபாரம் செய்தார்.

ஜனாதிபதியைப் பார்த்தார்

கடற்படைக் கல்லூரியில் சேர விரும்பினார். இடம் கிடைக்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. 1869-ம் ஆண்டு, 16 வயதில், வாஷிங்டனுக்குப் போய் ஜனாதிபதி கிராண்டையே பார்த்தார். ஜனாதிபதி கொடுக்கக்கூடிய இடங்கள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. ஆனாலும் அவருக்கு இடம் கிடைத்தது!

இரண்டாகப் பிரிந்த ஒளி

"ஈதர்" என்ற கண்ணுக்குத் தெரியாத பொருளின் வழியாகவே ஒளி வருகிறது என்று அக்காலத்தில் நம்பினார்கள். அதைக் கண்டுபிடிக்க, 1881-ம் ஆண்டு ஜெர்மனியில் மைக்கேல்சன் ஒரு கருவி அமைத்தார். அதுதான் இண்டர்பெராமீட்டர்.

லேசாக ரசம் பூசிய கண்ணாடி, ஒளிக்கதிரை இரண்டாகப் பிரிக்கும். இரண்டும் வெவ்வேறு திசையில் போய், கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி ஒன்றுசேரும். அப்போது வெளிச்சமும் இருளுமாகக் கோடுகள் தெரியும். ஒரு கண்ணாடி இம்மி நகர்ந்தாலும் கோடுகள் நகரும். பெர்லின் தெரு வண்டிகளின் அதிர்ச்சியே அவற்றைக் கலைத்தது! கருவியை வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

1887-ம் ஆண்டு அமெரிக்காவில் மோர்லி என்பவருடன் சேர்ந்து மீண்டும் முயன்றார். கருவியைக் கல்பலகை மேல் வைத்து, பாதரசத்தில் மிதக்கவிட்டார். ஈதர் அகப்படவில்லை. மைக்கேல்சன் ஏமாற்றம் அடைந்தார்.

கருவி ஜெயித்தது

ஆனால் கருவி வீண்போகவில்லை. 1802-ம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் எஃகுச் சங்கிலியால் நிலம் அளந்தார். எஃகு வெயிலில் நீளும். ஒளி அலை அப்படி நீளாது. 1892-93-ல் பாரிஸ் அருகே மைக்கேல்சன் மீட்டரை ஒளி அலையால் அளந்தார். ஒரு மீட்டருக்கு 15 லட்சத்து 53 ஆயிரத்துக்கும் அதிகமான சிவப்பு ஒளி அலைகள்!

1907-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். விஞ்ஞானத்துக்காக அதைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவர்தான். 1931-ம் ஆண்டு, ஒளியின் வேகத்தை அளக்கும் சோதனை முடியும் முன்பே காலமானார்.

1960-ம் ஆண்டு லேசர் ஒளி வந்தது. கருவியின் கூர்மை பெருகியது. கண்ணாடி அரை அலை தூரம் நகர்ந்தால் ஒரு கோடு கடக்கும். கோடுகளை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் சில்லு செய்யும் எந்திரங்களில், சில்லைத் தாங்கும் மேடை எவ்வளவு நகர்ந்தது என்பதை இப்படித்தான் அளக்கிறார்கள். 2015-ம் ஆண்டு விண்வெளியிலிருந்து வந்த ஈர்ப்பு அலையைக் கண்டுபிடித்ததும் இதே வகைக் கருவிதான்.

மைக்கேல்சன் தேடிய ஈதர் கிடைக்கவில்லை. தேடுவதற்காகச் செய்த கருவி உலகத்துக்குக் கிடைத்தது!