ஹெர்ட்ஸ் கண்ட சிறு பொறி

வானொலி அலைவரிசையைச் சொல்லும்போதெல்லாம் நாம் உச்சரிக்கும் பெயர் ஹெர்ட்ஸ். மின்காந்த அலைகள் உண்டென்று சோதனையால் மெய்ப்பித்த அம்மேதைக்கு மற்றொரு பெருமையும் உண்டு. அதனைப் பலர் அறியார்.

ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1857 பிப்ரவரி 22ஆம் நாள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வழக்கறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பொறியியல் பயிலச் சென்றவர் மனம் மாறி இயற்பியலை மேற்கொண்டார். பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் பேராசானிடம் பயின்று, 1880இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1885இல் கார்ல்ஸ்ரூ நகரில் பேராசிரியரானார்.

அங்கு அவர் ஆராய்ச்சி மின்பொறிகளைப் பற்றியது. ஒரு கருவியில் எழும் பொறி, எட்ட இருந்த கம்பி வளையத்தின் இடைவெளியிலும் சிறு பொறியை எழுப்பியது. அதை நன்கு காண வேண்டி இருட்டுப் பெட்டியால் மூடினார். பொறி குறுகிவிட்டது!

அவர் தேடியது வேறு. இது குறுக்கே வந்த தொல்லை. ஆயினும் ஒதுக்கவில்லை. முதன்மை ஆய்வை நிறுத்திவைத்து, சில மாதங்கள் இதனையே ஆராய்ந்தார். இடையே கண்ணாடித் தகட்டை வைத்தால் பொறி குறுகிற்று. குவார்ட்ஸ் தகட்டை வைத்தால் குறுகவில்லை. கண்ணாடி தடுப்பதும் குவார்ட்ஸ் விடுவதும் புறஊதா ஒளியே எனத் தெளிந்தார். அவ்வொளி பட்டால் பொறி எளிதில் பாய்வது ஏன் என்பது விளங்கவில்லை. கற்பனை விளக்கம் சேர்க்காது, கண்டதை மட்டும் 1887இல் வெளியிட்டார். இதுவே ஒளிமின் விளைவு.

1889இல் பான் நகருக்குச் சென்ற ஹெர்ட்ஸ், நோயுற்று 1894 ஜனவரி முதல் நாள் தம் 36ஆம் வயதில் மறைந்தார். எலெக்ட்ரான் கண்டறியப்பட்ட 1897ஐயும், ஐன்ஸ்டைன் விளக்கம் தந்த 1905ஐயும் அவர் காணவில்லை.

இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கடியில், கரும்பொருளைத் தேடும் ஆய்வுக்கென எட்டு டன்னுக்கு மேற்பட்ட செனான் வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கினர். துகளொன்று மோதினால் திரவ செனான் ஏறத்தாழ 175 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியை உமிழும். அதனைக் காண 494 ஒளிப்பெருக்கிக் குழாய்கள் அமைக்கப்பட்டன. ஒளித்துகள் ஒன்று குழாயின் உட்பூச்சில் பட்டால் ஓர் எலெக்ட்ரான் வெளிப்படும். அது பத்து இலட்சம் மடங்குக்கு மேல் பெருகி, அளக்கத்தக்க மின்துடிப்பாகும். அக்குழாய்களின் முகப்பு குவார்ட்ஸ். சாதாரணக் கண்ணாடி அவ்வொளியைத் தடுத்துவிடும் என்பது ஹெர்ட்ஸ் தந்த பாடம் அன்றோ!

ஆய்வுக்கூடத்தில் கணக்கிற்கு ஒத்துவராத அளவீட்டை அழித்துவிட்டுப் பதிவேட்டை அழகுபடுத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. நண்பர்களே, அடுத்தமுறை ரப்பரை எடுக்குமுன், இருட்டுப் பெட்டியில் குறுகிய அந்தப் பொறியை ஒருகணம் நினைப்போமாக.