வாழைப்பழத்தில் கெட்சப், மண்பானையில் கேக்... பிலிப்பைன்ஸ் அடுப்படியை மாற்றிய மரியா ஒரோசா யார்?

பிலிப்பைன்ஸ் வீடுகள்ல பிறந்தநாள் விருந்துன்னா ஸ்பெகட்டி கண்டிப்பா இருக்கும். முதல்முறை சாப்பிடுறவங்களுக்கு அது ஏன் இப்படி இனிக்குதுன்னு புரியாது. அதில் ஊற்றுற சிவப்பு கெட்சப் தக்காளியில் செய்தது இல்லை, வாழைப்பழத்தில் செய்தது. இதற்குப் பின்னால் இருப்பவர், போரில் உயிரிழந்த ஒரு பெண் விஞ்ஞானி. பெயர் மரியா ஒரோசா.

அமெரிக்க வேலை வேண்டாம்

1890-களின் தொடக்கத்தில் பதங்காஸ் மாகாணத்தின் தால் ஊரில் பிறந்தவர். அப்பா கப்பல் கேப்டன், அம்மா கடை நடத்தியவர். 1916-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குக் கப்பலேறினார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்து வேதியியலும் உணவு வேதியியலும் படித்தார். கோடை விடுமுறையில் அலாஸ்கா மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை பார்த்துதான் செலவைச் சமாளித்தார். படிப்பு முடிந்ததும் அங்கேயே அரசு வேதியியலாளர் பணி தேடி வந்தது. ஆனால் அவர் 1922-ல் ஊர் திரும்பி, மணிலாவில் அரசின் அறிவியல் துறையில் சேர்ந்தார்.

அப்போது பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் ஆட்சியில் இருந்தது. கோதுமை மாவு, டின் உணவு, கெட்சப் எல்லாமே கப்பலில் வரணும். தோட்டத்தில் விளைவது ஒன்று, கடையில் காசு கொடுத்து வாங்குவது வேறொன்று. ஒரோசா கை வைத்தது இங்கேதான்.

தக்காளிக்குப் பதில் சபா வாழை

சபா என்பது நம்மூர் மொந்தன் மாதிரி, சமையலுக்கு எடுக்கிற வாழை. அதை மசித்து, வினிகர், சர்க்கரை, மசாலா சேர்த்துக் காய்ச்சினால் கெட்சப் பதம் வந்துவிடும். நிறம் மட்டும் பழுப்பாகத்தான் இருக்கும், அதனால்தான் சிவப்புச் சாயம் சேர்க்கிறாங்க.

கெட்சப்தான் பேர் வாங்கியது. ஆனால் அவருடைய பெரிய வேலை பலாயோக் அடுப்பு என்றே சொல்லத் தோணுது. பலாயோக் என்றால் மண்பானை. கரண்ட் இல்லாத கிராமத்து வீட்டிலும் ரொட்டி, கேக் சுட முடிகிற மாதிரி அந்தப் பானையையே அவனாக மாற்றினார். கோதுமை இல்லையா? மரவள்ளி மாவு, வாழைக்காய் மாவு இருக்கே! அடோபோ போன்ற வீட்டுச் சமையலைக் கெடாமல் டின்னில் அடைக்கவும் கற்றுக்கொடுத்தார். கிராமம் கிராமமாகப் பெண்களைச் சங்கங்களாகச் சேர்த்து இதையெல்லாம் செய்து காட்டினார்.

மூங்கிலுக்குள் உணவு

1942 ஜனவரியில் மணிலா ஜப்பான் ராணுவத்தின் கைக்குப் போனது. ஒரோசா மார்க்கிங் கெரில்லா படையில் கேப்டன் ஆனார். அவருடைய ஆயுதம் இரண்டு சாப்பாட்டுப் பொருள்கள். ஒன்று சோயாலாக், அதாவது சோயா மாவு. இன்னொன்று தாராக். தகலாகு மொழியில் அதற்குத் தவிடு என்று அர்த்தம். அரிசித் தவிட்டில் வைட்டமின் பி1 இருக்கு. அது இல்லாவிட்டால் வருவதுதான் கால் வீங்கி, நரம்பு தளரும் பெரிபெரி. தவிட்டை பிஸ்கட்டாகச் சுட்டார். சோயா மாவு, மூங்கில் குழாய்களுக்குள் ஒளித்து சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழக முகாமுக்குள் போனது. அங்கே பட்டினி கிடந்த கைதிகளில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள்.

1945 பிப்ரவரி 3-ம் தேதி அமெரிக்கப் படை அந்த முகாமை மீட்டது. அதோடு மணிலாவுக்குள் தெருத்தெருவாகச் சண்டை வெடித்தது. ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்லி வீட்டார் கெஞ்சினாங்க. அவர் போகலை. படையில் இருப்பவள் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பது அவர் கணக்கு.

பிப்ரவரி 13-ம் தேதி, அமெரிக்கத் தரப்பின் குண்டுவீச்சில் சிதறிய துண்டு ஒன்று வேலையில் இருந்த அவர் மேல் பாய்ந்தது. மலாத்தே பகுதியில் இருந்த ரெமெடியோஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனாங்க. அந்த மருத்துவமனை மேலும் குண்டு விழுந்தது. இந்த முறை துண்டு இதயத்தில் பாய்ந்தது.

ஒரு மாதம் நடந்த அந்தச் சண்டையில் இறந்த பொதுமக்கள் சுமார் 1 லட்சம் பேர். அத்தனை உடல்களுக்கு நடுவில் ஒரோசாவைப் புதைத்த இடமும் காணாமல் போனது. மணிலாவில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் உண்டு. உறவினர் ஒருவர் 1970-ல் அவருடைய சமையல் குறிப்புகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். ஆனால் கல்லறைக் கல் கிடைத்தது 2020-ல்தான். அந்த மருத்துவமனை இருந்த இடத்தில் இப்போது பள்ளிக்கூடம் இருக்கு. கல் அங்கேதான் இருந்தது.