தஞ்சை இராமையாதாஸ்

காவிரி பாயும் தஞ்சை நாடு நெல்லோடு தமிழையும் விளைவித்த நாடு. அந்நாட்டின் தஞ்சை நகரில் 1914ஆம் ஆண்டு இராமையாதாஸ் பிறந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தில் பயின்று புலவரானார். சிலகாலம் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் நாடக வேட்கையால் குழுவொன்றை நடத்தித் திரையுலகம் புகுந்தார்.

1957ஆம் ஆண்டு விஜயா நிறுவனத்தார் ‘மாயாபஜார்’ படத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தனர். கே. வி. ரெட்டி அதனை இயக்கினார். பலராமர் மகள் வத்சலையை அபிமன்யு மணக்கும்பொருட்டுக் கடோத்கசன் நிகழ்த்தும் மாயங்களே நகைச்சுவை மிக்க அக்கதை. தமிழ்ப் படத்திற்கு உரையாடலும் பாடலும் எழுதும் பொறுப்பு இராமையாதாசுக்கு வாய்த்தது.

மணவீட்டு விருந்தனைத்தையும் கடோத்கசன் ஒருவனே உண்ணும் காட்சி மறக்கவொண்ணாதது. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவுத் திறத்தால் லட்டுகள் தாமே பறந்து ரங்காராவின் வாயிற் புகும். அங்கே தெலுங்குப் பாட்டின் மெட்டிலேயே தமிழும் அமைதல் வேண்டும். அஃது எளிய செயலன்று. புலமையைக் காட்டும் அருஞ்சொற்களைப் புலவர் நாடவில்லை. அடுக்களையில் வழங்கும் உணவுப் பெயர்களையே தாளத்திற்கு இசையத் தொடுத்தார். திருச்சி லோகநாதன் பாடிய அப்பாட்டு, எழுத்தறியாதார் நாவிலும் குடிகொண்டது.

பொருளற்ற ஓசைச் சொற்களைப் பாட்டிற் கலக்கிறார் என்று கற்றோர் சிலர் இவரைக் குறைகூறினர். யாப்பறிந்த புலவருக்கு அக்குறை வருத்தம் தரத்தக்கதே. ஆயினும், வயலில் உழைத்துக் களைத்துப் படம் காண வருவோர்க்கும் பாட்டு உரியதென்பதை அவர் பாடல்கள் காட்டின.

1965ஆம் ஆண்டு இராமையாதாஸ் மறைந்தார். மணவிருந்துப் பாட்டோ மறையவில்லை. மாணவர்களே, ஆழக் கற்றவர்க்கே எளிமை கைகூடும் என்பதை அவர் வாழ்வால் அறிவோமாக.