இருப்புப்பாதையை மீட்டவர்

டாம் ரோல்ட் 1910ஆம் ஆண்டு இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்தார். இளமையில் அவர் பொறியியல் பயிற்சி பெற்ற கெர் ஸ்டூவர்ட் தொழிலகத்தில், பிரிட்டனின் தொடக்ககால டீசல் ரயில் எஞ்சின்களுள் ஒன்று 1928இல் உருவானது. ஈராண்டில் அத்தொழிலகமே நொடித்துப்போனது.

வேல்ஸில் பலகைக்கல் சுமக்க 1865இல் அமைந்தது டாலிலின் இருப்புப்பாதை. அதன் உரிமையாளர் ஹெய்டன் ஜோன்ஸ் 1950இல் மறைந்ததும் அது மூடப்படும் நிலையை எய்தியது. ரோல்ட் பர்மிங்காமில் ஆர்வலர்களைத் திரட்டினார். ஊதியம் பெறாத தொண்டர்களால் ரயில் நடத்த இயலுமா எனப் பலர் ஐயுற்றனர். அந்த ஐயம் நியாயமானதே. தண்டவாளங்கள் தேய்ந்து, அவற்றின்மீது புல் மண்டியிருந்தது. ஓடும் நிலையில் இருந்ததோ டால்காக் என்னும் ஒரே நீராவி எஞ்சின்!

எனினும், 1951 மே மாதம் தொண்டர்கள் ரயிலை ஓட்டினர். அவ்வாறு மீட்கப்பட்ட இருப்புப்பாதைகளுள் உலகிலேயே முதலாவது அதுவே. ரோல்ட் மேலாளராகப் பொறுப்பேற்றார். டால்காக்கின் சுமையைக் குறைக்க, தலா 25 பவுண்டுக்கு இரண்டு பழைய எஞ்சின்கள் வாங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று கெர் ஸ்டூவர்ட் 1921இல் செய்தது.

ரோல்ட் 1974இல் மறைந்தார். பின்னர் டீசல் எஞ்சின்களுக்கும் முதுமை வந்தது. புகழ்பெற்ற டெல்டிக் வகையின் 22 எஞ்சின்களும் 1982இன் தொடக்கத்திற்குள் ஓய்வுபெற்றன. அவற்றுள் ஆறு மட்டும் உடைபடாமல் காக்கப்பட்டன. கெர் ஸ்டூவர்ட்டின் அந்த டீசல் எஞ்சினோ மொரீசியஸ் தீவுவரை சென்று உழைத்தது. அதனையும் ஆர்வலர்கள் தேடிக் கண்டறிந்து, கடல் கடந்து வேல்ஸுக்குக் கொண்டுவந்தனர்.